எறிந்தவர் பிழையா, பிடித்தவர் பிழையா? சீஃப்ஸ் அணியின் 2023 பாஸ் தடுமாற்றம்

2023 செப்டம்பர் 7. அமெரிக்கக் கால்பந்தின் பெரிய லீகான என்.எஃப்.எல். பருவத்தின் முதல் ஆட்டம். நடப்புச் சாம்பியன் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ், சொந்த மைதானமான ஏரோஹெட்டில் டெட்ராய்ட் லயன்ஸோடு மோதியது. மூன்றாம் கால்பகுதியில் சீஃப்ஸின் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்து அதே அணியின் ரிசீவர், அதாவது பந்தைப் பிடிப்பவர், கடாரியஸ் டோனியின் இரண்டு கைகளிலும் பட்டது. பட்ட வேகத்தில் எகிறியது. லயன்ஸின் பிரையன் பிராஞ்ச் அதை அந்தரத்திலேயே பிடித்து 50 யார்டு ஓடி, களத்தின் முனையில் உள்ள எண்ட் ஜோனுக்குள் பந்தைக் கொண்டுபோய் டச்டவுன் போட்டார். ஆட்டம் 21-20 என்று லயன்ஸ் பக்கம் போனது.

எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிட்டால் அது இண்டர்செப்ஷன். ஸ்கோர் ஏட்டில் அந்த இண்டர்செப்ஷன் மஹோம்ஸ் பெயரில்தான் ஏறியது. கிரிக்கெட்டில் கேட்ச் நழுவினால் பந்துவீச்சாளருக்கு ஒரு விக்கெட் கிடைக்காமல் போகும், அவ்வளவுதான். இங்கே பிடிக்கத் தவறியவருடைய குற்றம் எறிந்தவர் கணக்கில் ஏறிவிடும். இந்த விளையாட்டின் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்.

அந்தப் பருவம் முழுவதும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். மஹோம்ஸ் அவசரப்படுகிறார் என்றது ஒரு கட்சி. ரிசீவர்களுக்குக் கையே இல்லை என்றது இன்னொன்று. இரண்டு கட்சியும் தொலைக்காட்சிக் கேமரா காட்டிய கடைசி அரை நொடியை வைத்துத்தான் பேசின. அதற்கு முந்தைய மூன்று நொடிகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் வழக்கு புரியும்.

முதலில் ஆட்டத்தின் கணக்கு

களம் 100 யார்டு நீளம், 53 யார்டுக்குச் சற்றுக் கூடுதலான அகலம். இரு முனையிலும் 10 யார்டு எண்ட் ஜோன். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு.

முன்னேற இரண்டு வழி: பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, அல்லது முன்னோக்கி எறிவது (இதுதான் பாஸ்). எறிதலை விதி அனுமதித்ததே 1906-இல்தான். 1978-இல், முதல் ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரை இடித்துத் தடுக்கக் கூடாது என்று விதி மாறியபின் எறிதல்தான் ஆட்டத்தின் மையமாயிற்று.

எறிபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் சுவராக நிற்கும் ஐவர் ஆஃபென்சிவ் லைன். அவர்கள் வழக்கமாகப் பந்தைப் பிடிக்க முடியாது. மீதி ஐவர் பிடிக்கலாம்: ஓரங்களில் ஓடும் வைட் ரிசீவர்கள், சுவரை ஒட்டி நிற்கும் டைட் எண்ட், பின்னால் நிற்கும் ரன்னிங் பேக். எதிரணியில் இவர்களைத் தடுக்க லைன்பேக்கர்கள், ஓரத்தில் கார்னர்பேக்குகள், எல்லாருக்கும் பின்னால் கடைசிக் காவலாக சேஃப்டிகள்.

ஒரு பாஸுக்குள் எத்தனை பூட்டு

ஒரு பாஸ் வெற்றி பெறக் கீழே உள்ள எல்லாமே வரிசையாகத் திறக்க வேண்டும். ஒன்று திறக்காவிட்டாலும் பந்து தரையில்.

1. அழைப்பு. பயிற்சியாளர் சொல்லும் திட்டம் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் இருக்கும் ரேடியோவில் வரும். இரண்டு டவுன்களுக்கு நடுவே ஓடும் 40 நொடிக் கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது ரேடியோ துண்டிக்கப்படும். அதன்பின் களத்தில் இருப்பவர்கள் பாடு.

2. முன்பார்வை. பந்து இயக்கத்துக்கு வரும் கணத்துக்கு ஸ்னாப் என்று பெயர். அதற்கு முன்பே எதிரணி நிற்கும் நிலையை குவார்ட்டர்பேக்கும் படிக்க வேண்டும், ரிசீவரும் படிக்க வேண்டும். இருவருக்கும் ஒரே விடை வர வேண்டும்.

3. சுவர். லைன் சுமார் இரண்டரை, மூன்று நொடி தாக்குப்பிடிக்க வேண்டும்.

4. ரூட். ஒவ்வொரு ரிசீவரும் ஓட வேண்டிய பாதைக்கு ரூட் என்று பெயர். எத்தனை யார்டில் திரும்புவது, எந்தக் காலை ஊன்றித் திரும்புவது என்பதுவரை அதில் அடக்கம்.

5. எறிதல். ரிசீவர் திரும்பியதைப் பார்த்துவிட்டு எறிந்தால் தாமதம். திரும்பும் முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

6. பிடி. கேமராவில் நமக்குத் தெரிவது பெரும்பாலும் இது மட்டும்தான்.

ஐந்தாவதில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது. நல்ல எறிதலில் பந்து நொடிக்கு ஏறக்குறைய 24 யார்டு பறக்கும். 24 யார்டு தள்ளி இருப்பவரை அடைய ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் முழு வேகத்தில் ஓடும் ரிசீவர் எட்டு, ஒன்பது யார்டு நகர்ந்துவிடுவார். ஆகவே குவார்ட்டர்பேக் ஆளைப் பார்த்து எறிவதில்லை. ஆள் வந்து சேரப்போகும் இடத்துக்கு எறிகிறார். அந்த நேரத்தில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். ரிசீவர் அரை நொடி பிந்தினால் நான்கு யார்டு இடைவெளி விழும். பார்ப்பவர்களுக்கு அது மஹோம்ஸ் யாருமில்லாத இடத்தில் எறிந்ததாகத் தெரியும்.

ஆறாவது யார்டில் எடுக்கும் முடிவு

இதற்கு மேல் ஒரு முடிச்சு உண்டு. பல ரூட்கள் முன்பே தீர்மானிக்கப்பட்டவை அல்ல. ஓடும்போதே ரிசீவர் தேர்ந்தெடுக்க வேண்டியவை. ஆப்ஷன் ரூட் என்பார்கள்.

எளிய உதாரணம் ஒன்று. ரிசீவர் நேராக ஆறு யார்டு ஓடுகிறார். அங்கே எதிரே இருப்பவரைப் பார்க்கிறார். அவர் தன்னை மட்டுமே துரத்தும் காவலர் என்றால் அது மேன் கவரேஜ். நின்றால் மாட்டிக்கொள்வார், எனவே சட்டென்று வெளிப்பக்கம் வெட்டி ஓட வேண்டும். எதிரே இருப்பவர் ஒரு பகுதியைக் காத்துக்கொண்டு கண்ணைக் குவார்ட்டர்பேக் மேல் வைத்திருக்கிறார் என்றால் அது ஜோன் கவரேஜ். ஓடினால் அடுத்த காவலரின் மடியில் போய் விழுவார், எனவே இரண்டு காவலருக்கு நடுவே உள்ள பொந்தில் அப்படியே நின்று திரும்ப வேண்டும்.

இதே முடிவைப் பத்து யார்டு பின்னால், தன் மேல் பாய்ந்து வரும் 130 கிலோ ஆட்களுக்கு மேலாக எட்டிப் பார்த்து, குவார்ட்டர்பேக்கும் எடுக்கிறார். இருவருக்கும் பேசிக்கொள்ள வழியில்லை. ரிசீவர் நின்று, குவார்ட்டர்பேக் ஓடுவார் என்று நினைத்து எறிந்தால் பந்து நேராக எதிரணிக்காரர் கையில். கிரிக்கெட்டில் ரன் எடுக்கும் இரு மட்டையாளர்களாவது 'வா', 'வேண்டாம்' என்று கத்திக்கொள்ளலாம். இங்கே அந்த வசதியும் கிடையாது.

சீஃப்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீடின் திட்டத்தில் இந்த வகைத் தேர்வுகள் நிறைய. மஹோம்ஸும் டைட் எண்ட் டிராவிஸ் கெல்சியும் இதில் கரைகண்டவர்கள். கெல்சி சில நேரம் திட்ட ஏட்டில் இல்லாத பாதையில்கூட ஓடுவார். மஹோம்ஸ் அங்கே எறிவார். அது பல ஆண்டு சேர்ந்து ஆடியதன் பலன். அதே திட்டத்தைப் புது ரிசீவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் 2023.

எண்கள் சொல்வது என்ன

மஹோம்ஸின் இரண்டு பருவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

2022: 648 எறிதல், 435 பிடி, 5,250 யார்டு, 41 டச்டவுன், 12 இண்டர்செப்ஷன்.

2023: 597 எறிதல், 401 பிடி, 4,183 யார்டு, 27 டச்டவுன், 14 இண்டர்செப்ஷன்.

2023-இல் அவர் ஓர் ஆட்டம் குறைவாக ஆடினார். அதற்காக ஆயிரம் யார்டு குறையாது. இனி பிடி விகிதத்தைக் கணக்குப் போடுங்கள். 2022-இல் 67.1 சதவீதம். 2023-இல் 67.2. நழுவல்களைப் பற்றி ஊரே பேசிய ஆண்டில் பிடி விகிதம் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

இறங்கியது வேறு. ஒவ்வொரு எறிதலுக்கும் கிடைத்த சராசரி 8.1 யார்டிலிருந்து 7.0-க்கு வந்தது. அதாவது சுலபமான, குட்டையான பாஸ்கள் பெருகின. தூரத்து எறிதல்கள் சுருங்கின. தூரத்தில் ரிசீவர் சரியான இடத்தில் இருப்பாரா என்ற நிச்சயம் இல்லாதபோது, எந்த குவார்ட்டர்பேக்கும் அருகில் இருப்பவருக்குத் தட்டிவிடுவார். நழுவிய பந்துகள் கண்ணில் பட்ட காயம். உள்ளே ஓடிய காய்ச்சல் இந்த ஒரு யார்டு இழப்புதான். 17 ஆட்டங்களில் 496 புள்ளி எடுத்த அணி அடுத்த ஆண்டு 371-இல் நின்றது.

போனவர்களும் வந்தவர்களும்

வழக்கமான விளக்கம் டைரீக் ஹில். லீகின் அதிவேக ரிசீவரான அவரை 2022 மார்ச்சில் சீஃப்ஸ் மயாமி டால்பின்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளை, அதாவது கல்லூரிப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை, பெற்றது. அதனால்தான் சரிந்தார்கள் என்ற வாதம் பாதிக்கிணறுதான் தாண்டுகிறது. ஹில் இல்லாத முதல் ஆண்டான 2022-இல்தானே மஹோம்ஸ் 5,250 யார்டு எறிந்து, அணியும் கோப்பையை வென்றது?

என் பார்வையில், அதிகம் பேசப்படாத இழப்பு இன்னொரு ரிசீவரான ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டர். 2022-இல் 78 பிடி, 933 யார்டு. அணியில் கெல்சிக்கு அடுத்த இடம். வேகத்துக்குப் பெயர்போனவர் அல்ல. ஆனால் ஜோனில் பொந்து எங்கே என்று கண்டு நிற்கத் தெரிந்தவர். மேலே சொன்ன ஆறாவது யார்டு முடிவைச் சரியாக எடுப்பவர். 2023-இல் அவர் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்குப் போய்விட்டார். மற்றொரு ரிசீவர் மீகோல் ஹார்ட்மன் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார்.

அந்த இடங்களை நிரப்ப வேண்டியவர்களைப் பாருங்கள்.

1. டோனி. 2022 அக்டோபரில் நடுப்பருவத்தில் வந்தவர். 2023 பிப்ரவரி சூப்பர் பவுலில் ஒரு டச்டவுனும், அந்த இறுதிப்போட்டிகளின் வரலாற்றிலேயே நீளமான 65 யார்டு பண்ட் ரிட்டர்னும் (எதிரணி உதைத்தனுப்பும் பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவது) அவருடையவை. ஆகவே திறமை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 2023 ஜூலையில் பயிற்சி முகாம் தொடங்கியதும் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. குவார்ட்டர்பேக்கோடு நேரம் பழக வேண்டிய வாரங்கள் எல்லாம் போயின. நேராக முதல் ஆட்டத்தில் இறங்கினார்.

2. ரஷீ ரைஸ். அந்த ஆண்டு இரண்டாம் சுற்றில் எடுத்த புதுமுகம். கல்லூரியிலிருந்து வருபவருக்கு ரீடின் ஏடு ஓர் அந்நிய மொழி மாதிரி.

3. மார்கெஸ் வால்டெஸ்-ஸ்காண்ட்லிங். நேராக ஓடி ஆழத்தில் பிடிக்கும் ஆள். பருவம் முழுக்க 21 பிடிதான்.

கெல்சிக்கும் அந்த அக்டோபரில் வயது 34. முழங்கால் காயத்தால் லயன்ஸ் ஆட்டத்தில் அவர் இறங்கவேயில்லை. பருவ முடிவில் அவருக்கு 984 யார்டு; தொடர்ந்து ஏழு ஆண்டு ஆயிரத்தைத் தாண்டிய வரிசை அங்கே அறுந்தது. ரைஸுக்கு 938. மூன்றாவது இடத்தில் ஜஸ்டின் வாட்சன், 460. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைப் பார்த்தாலே போதும்: மஹோம்ஸ் நம்பி எறிய இரண்டே பேர்தான் இருந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

எதிரணி சும்மா இருக்குமா

ஹில் இருந்த காலத்தில் ஆழத்தில் அடிவாங்கிச் சலித்த எதிரணிகள், இரண்டு சேஃப்டிகளையும் பின்னால் தள்ளி நிறுத்தும் வழிக்கு வந்தன. மேலே ஓட்டை அடைபட்டது. கீழே பொறுமையாக ஐந்து ஐந்து யார்டாக நகரு என்பது அதன் பொருள். 2022 ஜனவரியில், லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான ஏ.எஃப்.சி.யின் இறுதியில் சின்சினாட்டி பெங்கால்ஸ் இன்னும் ஒரு படி போய், பல முறை மூன்று பேரை மட்டும் குவார்ட்டர்பேக் மேல் பாயவிட்டு எட்டுப் பேரைப் பின்னால் காவலுக்கு நிறுத்தியது. 21-3 என்று முன்னிலையில் இருந்த சீஃப்ஸ் கூடுதல் நேரத்தில் 27-24 என்று தோற்றது.

எட்டுப் பேர் காக்கும் இடத்தில் ஓடி ஜெயிக்க முடியாது. பொந்து தேடி நிற்கத் தெரிய வேண்டும். ஸ்மித்-ஷூஸ்டர் போன்றவர் தேவைப்பட்டது இதற்குத்தான்.

சுவரையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2023-இல் இரு ஓரங்களிலும் புது ஆட்கள், ஜவான் டெய்லரும் டோனவன் ஸ்மித்தும். சுவர் மேல் நம்பிக்கை குறையும்போது குவார்ட்டர்பேக்கின் கால் சீக்கிரமே நகரும். கால் நகர்ந்தால் நேரக் கணக்கு மாறும். ரிசீவர் பாவம், அவர் ஏட்டில் உள்ள நேரப்படிதான் திரும்புகிறார்.

அப்படியானால் நழுவல்கள்?

நழுவல்களை ஒதுக்கிவிட முடியாது. நவம்பர் 20 அன்று ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸோடு ஆட்டம். கடைசி இரண்டு நிமிடத்துக்குள், 17-21 என்று பின்தங்கிய நிலையில், மஹோம்ஸ் ஆழத்தில் எறிந்த பந்து வால்டெஸ்-ஸ்காண்ட்லிங்கின் கைகளில் வந்து விழுந்தது. காவலர் பின்னால் இருந்தார், பிடித்தால் டச்டவுன். நழுவியது. ஸ்கோர் மாறவில்லை.

டிசம்பர் 10, பஃபலோ பில்ஸ். ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். மஹோம்ஸ் எறிந்ததைக் கெல்சி பிடித்து ஓடி, மடக்கப்படும் நேரத்தில் டோனிக்குப் பின்னால் வீச, டோனி எண்ட் ஜோனுக்குள் போய்விட்டார். அரங்கமே எழுந்து நின்றது. ஆனால் ஸ்னாப்புக்கு முன்பே டோனி பந்து இருக்கும் கோட்டைத் தாண்டி நின்றதால் ஆஃப்சைடு. டச்டவுன் ரத்து, 17-20 தோல்வி. ஓரத்தில் நிற்கும் நடுவரிடம் 'நான் சரியாக நிற்கிறேனா' என்று சைகையில் கேட்பது ரிசீவர்களின் அன்றாடப் பழக்கம். மேலே போட்ட பட்டியலில் இது எந்தப் பூட்டு என்று தேடினால், அழைப்புக்கும் ஸ்னாப்புக்கும் நடுவே, யாரும் எண்ணாத ஒன்று.

நழுவலின் உண்மையான சேதம் அடுத்த எறிதலில்தான் தெரியும். ஒருமுறை நழுவவிட்டவருக்கு எறியக் குவார்ட்டர்பேக் கால் நொடி தயங்குவார். அந்தக் கால் நொடியில் பொந்து மூடிவிடும். பிறகு அவர் எறிவது கெல்சிக்கு. கெல்சியை ஏற்கெனவே இருவர் சூழ்ந்திருப்பார்கள். இந்தத் தயக்கத்துக்குப் புள்ளிவிவரத்தில் கட்டம் கிடையாது. எது நழுவல் என்பதுகூடக் கணக்கெடுப்பவருக்கு ஏற்ப மாறும். விரல் நுனியில் பட்டதை ஒருவர் சேர்ப்பார், இன்னொருவர் விடுவார்.

எப்படி மீண்டார்கள்

கிறிஸ்துமஸ் நாளில் ரெய்டர்ஸ் 20-14 என்று வென்றபோது சீஃப்ஸ் 9 வெற்றி, 6 தோல்வி. அன்று எதிரணியின் தடுப்பாட்டக்காரர்களே ஏழு நொடி ஆட்ட நேரத்துக்குள் இரண்டு டச்டவுன் போட்டார்கள். அதன்பின் அந்தப் பருவத்தில் சீஃப்ஸ் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

ரிசீவர்கள் ஒரே இரவில் கைதேர்ந்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் சொன்னால் அது கட்டுக்கதை. நடந்தவை மூன்று.

1. கைகள் குறைக்கப்பட்டன. தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃப் ஆட்டங்களில் டோனி இறக்கப்படவே இல்லை. டால்பின்ஸுக்கு எதிரான உறைபனி ஆட்டத்தில் ரைஸுக்கு 8 பிடி, 130 யார்டு. பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிராகக் கெல்சியை நோக்கி 11 முறை எறிந்தார் மஹோம்ஸ், பதினொன்றும் பிடி.

2. ரைஸுக்குக் கொடுத்த வேலை எளிமையானது: அருகில் பிடி, பிடித்தபின் ஓடு. தேர்வு குறைந்தால் தவறும் குறையும். புதுமுகத்துக்கு 79 பிடியும் 7 டச்டவுனும் வந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

3. எறிதல் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியிருக்கவில்லை. தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பானுவோலோவின் அணிப்பிரிவு 17 ஆட்டங்களில் 294 புள்ளிதான் கொடுத்தது. லீகில் இரண்டாவது குறைவு. 20 புள்ளி எடுத்தாலே ஜெயிக்கலாம் என்ற நிலையில் ஆழத்தில் எறிந்து சூதாட வேண்டியதில்லை.

மூன்றாவதுக்கு உரிய மதிப்பு போதுமான அளவு கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். 2022-இல் இதே தடுப்பாட்டம் இருந்திருந்தால் மஹோம்ஸின் 41 டச்டவுன் தேவைப்பட்டிருக்குமா என்றுகூடக் கேட்கலாம்.

பால்டிமோரில் ஏ.எஃப்.சி. இறுதி. 17-10 முன்னிலை, ஆட்டத்தின் கடைசிக் கட்டம், மூன்றாவது டவுனில் 9 யார்டு தேவை. மஹோம்ஸ் ஆழத்தில் எறிந்தார். 32 யார்டு. பிடித்தவர் வால்டெஸ்-ஸ்காண்ட்லிங், நவம்பரில் நழுவவிட்ட அதே ஆள்.

இரண்டு வாரம் கழித்து, 2024 பிப்ரவரி 11 அன்று லாஸ் வேகாஸில் சூப்பர் பவுல் கூடுதல் நேரத்துக்குப் போனது. சான் ஃபிரான்சிஸ்கோ 49-யர்ஸுக்கு எதிராக 25-22 என்று முடித்துவைத்த பாஸின் நீளம் மூன்று யார்டு. உள்நோக்கி நகர்வதுபோல் காட்டிவிட்டு ஸ்னாப்பில் வெளிப்பக்கம் திரும்பி ஓடியவர், அக்டோபரில் ஜெட்ஸிடமிருந்து திரும்பி வந்திருந்த ஹார்ட்மன். ஆறாவது யார்டில் நின்று படிக்க வேண்டிய ரூட் அல்ல அது. பந்து வந்தபோது அவரைச் சுற்றி ஒருவரும் இல்லை.